ஹாம்ப்டனில் ஐந்தாவதாக வந்த பெண்

நாங்கள் கிளாஸ்கோவுக்குக் குடிவந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. 2014 ஜூலை. காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் எங்கள் ஊரிலேயே நடந்தன. எந்தப் பந்தயத்துக்கு டிக்கெட் எடுப்பது என்றுகூடத் தெரியாமல், கிடைத்த ஒரு மாலைக்கு எடுத்துக்கொண்டு ஹாம்ப்டன் பார்க் மைதானத்துக்குப் போனேன். ஹாம்ப்டன் அடிப்படையில் கால்பந்து மைதானம். ஓடுதளம் போட அதில் இடம் போதாது. அதனால் தரையை ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயர்த்தி, ஆயிரக்கணக்கான இரும்புக் கால்களின் மேல் மேடை போட்டு, அதன்மேல் டிராக் அமைத்திருந்தார்கள். முன்வரிசை நாற்காலிகள் எல்லாம் மேடைக்கு அடியில் போய்விட்டன. ஊர்த் திருவிழாவுக்குப் பந்தல் போட்டதுபோல, ஒரு சில நாளுக்காக ஒரு முழு மைதானத்தையே தூக்கி வைத்திருந்தார்கள்.

அன்று பெண்களுக்கான 10,000 மீட்டர் ஓட்டம். இருபத்தைந்து சுற்று. முன்னால் கென்யாவின் மூன்று பெண்கள். அவர்கள் போன வேகம் வேறு. எனக்கு நினைவில் நிற்பது அந்தக் கூட்டத்தின் சத்தம்தான். மைதானத்தில் அது ஒரே இடத்தில் நிற்கவில்லை. ஸ்காட்லாந்தின் கருநீல உடையில் ஒரு பெண் எந்தப் பக்கம் போகிறாளோ அந்தப் பக்கம் மட்டும் எழும்பி, அவள் கடந்ததும் அடங்கி, அடுத்த வளைவில் மறுபடி எழும்பியது. அலை அவள் கூடவே ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாளிடம் "யார் அது?" என்று கேட்டேன். "நம்ம ஊர்ப் பெண், பெத்" என்றார். 'நம்ம ஊர்' என்று அவர் என்னையும் சேர்த்துச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பெண் ஐந்தாவதாக வந்தாள். பதக்கம் இல்லை. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

பெத் பாட்டர் என்ற அந்தப் பெயரை அன்றிலிருந்து விடாமல் பின்தொடர்ந்து வருகிறேன். அவருக்கு அப்போது 22 வயது. பத்து வருடம் கழித்து பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் வாங்கினார். ஆனால் ஓட்டத்தில் இல்லை, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானில். நடுவில் நடந்த கதையைத் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். கிடைக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

முதலில் ஓட்டக்காரராக அவர் எங்கே இருந்தார் என்று சொல்லிவிடுகிறேன். கிளாஸ்கோவில் வளர்ந்தவர். ஓடக் கற்றது விக்டோரியா பார்க் கிளப்பில். அதன் இடம் ஊரின் மேற்கே இருக்கும் ஸ்காட்ஸ்டன் மைதானம். பிறகு லண்டன் போய், அங்கே பள்ளியில் இயற்பியல் பாடம் எடுத்துக்கொண்டே ஓடினார். லண்டனில் ஹைகேட் என்ற பகுதியில் வருடா வருடம் ஒரு 10,000 மீட்டர் இரவு நடக்கும். பார்வையாளர்களை டிராக்கின் வெளிப்பாதைகளிலேயே நிற்க விடுவார்கள். ஓடுகிறவர்களுக்கும் கத்துகிறவர்களுக்கும் நடுவில் கையெட்டும் தூரம்தான். 2016இல் அங்கே 32 நிமிடம் 3 வினாடியில் ஓடி ரியோ ஒலிம்பிக்குக்கு இடம் பிடித்தார்.

ரியோவில் என்ன நடந்தது என்பது இந்தக் கதையில் முக்கியம். 2016 ஆகஸ்ட் 12. எத்தியோப்பியாவின் அல்மாஸ் அயானா 29 நிமிடம் 17.45 வினாடியில் ஓடி, 1993இலிருந்து யாரும் நெருங்காத உலக சாதனையை 14 வினாடி வித்தியாசத்தில் உடைத்தார். அதே ஓட்டத்தில் பெத் பாட்டர் 33 நிமிடம் 4 வினாடி எடுத்து 34ஆவதாக வந்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். அயானா கோட்டைத் தாண்டியபோது பாட்டருக்கு இன்னும் ஏறக்குறைய மூன்று சுற்று பாக்கி. உலகத்திலேயே வேகமான பெண் முடித்துவிட்டுக் கொடியைப் போர்த்திக்கொண்டு நிற்கும்போது, நீங்கள் இன்னும் கிட்டத்தட்ட நான்கு நிமிடம் தனியாக ஓட வேண்டும். ஒலிம்பிக் வீராங்கனை என்ற பட்டம் கையில் இருக்கிறது. ஆனால் இந்தப் பாதை எவ்வளவு தூரம் போகும் என்பதும் கண்ணுக்கு நேராகத் தெரிந்துவிடுகிறது.

நிறையப் பேர் இந்த இடத்தில் இரண்டில் ஒன்று செய்வார்கள். பரவாயில்லை, ஒலிம்பிக் போய் வந்தாயிற்று என்று வேலைக்குத் திரும்புவார்கள். இல்லையென்றால் இன்னும் நான்கு வருடம் அதையே இன்னும் கொஞ்சம் கடுமையாகச் செய்வார்கள். அவர் ஆசிரியர் வேலையை விட்டார். லண்டனைக் காலி செய்து வடக்கே லீட்ஸ் நகரத்துக்குப் போனார். அங்கேதான் பிரிட்டனின் டிரையத்லான் பயிற்சி மையம் இருக்கிறது, டிரையத்லானில் ஒலிம்பிக் பதக்கங்கள் வாங்கிய பிரவுன்லீ சகோதரர்கள் உருவான ஊர். 25 வயதில், ஒலிம்பிக் முத்திரை குத்திய ஒரு விளையாட்டை விட்டுவிட்டு, சைக்கிள் பந்தயம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு புதியவராக வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

முழுவதும் விட்டுவிட்டார் என்றும் சொல்ல முடியாது. 2017இல் லண்டனில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் மறுபடியும் 10,000 மீட்டர் ஓடினார். 2018இல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளில், முதலில் டிரையத்லானில் இறங்கினார். நான்கு நாள் கழித்து 10,000 மீட்டரும் ஓடினார். இரண்டிலும் பதக்கம் இல்லை. ஆனால் ஒரே போட்டித் தொடரில் ஸ்காட்லாந்துக்காக இரண்டு விளையாட்டில் களமிறங்கிய பெண்ணாக அந்த வாரம் இங்கே எல்லோர் வாயிலும் அவர் பெயர் இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, டிரையத்லான் எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். தெரியாமல் பார்த்தால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று மூன்று தேர்வை அடுத்தடுத்து எழுதுவதுபோலத் தோன்றும். ஒலிம்பிக் தூரம் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். ஓட்டக்காரருக்கு இது சுலபமான கணக்காகத் தெரியலாம். கடைசியில் வருவது நம்ம ஓட்டம்தானே, முன்னால் இருக்கிற இரண்டையும் எப்படியோ சமாளித்துவிட்டால் போதும் என்று.

அது நடக்காது. காரணம் காற்று. ஒலிம்பிக் டிரையத்லானில் சைக்கிளில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போக அனுமதி உண்டு. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கிறார். பின்னால் இருப்பவருக்கு அதே வேகத்தில் போகப் பெரிய அளவில் சக்தி மிச்சம். பத்துப் பேர் மாறி மாறி முன்னால் வந்தால் அந்தக் கும்பல் தனி ஆளைவிடப் பல மடங்கு வலுவானது. சரி, அந்தக் கும்பலில் யார் இருப்பார்கள்? தண்ணீரிலிருந்து சேர்ந்து வெளியே வருகிறவர்கள். ஆற்றிலிருந்து முப்பது வினாடி பிந்தி வந்தால், அந்த முப்பது வினாடியோடு முடியாது. முன்கும்பல் போயே போய்விடும். நீங்கள் தனியாகவோ, உங்களைப்போலப் பிந்திய நாலு பேரோடோ காற்றை இடித்துக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். இறங்கும்போது ஒன்றரை நிமிடம் பின்னால் இருப்பீர்கள், அதுவும் செத்த கால்களோடு. அப்புறம் உலகத்திலேயே நன்றாக ஓடத் தெரிந்தாலும் அதற்கு வேலை இல்லை.

ஆகவே டிரையத்லானில் ஓட்டத் திறமையைச் செலவழிக்க வேண்டுமென்றால் முதலில் நீச்சலில் அதற்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பல நல்ல ஓட்டக்காரர்கள் இந்த வாசலில்தான் விழுகிறார்கள். பெத் பாட்டர் சிறுவயதில் கிளப் நீச்சல்காரி. ஓட்டத்துக்கு வருவதற்கு முன் அவர் குளத்தில் போட்ட நீளங்கள் எத்தனை ஆயிரமோ. அதற்கு யாரும் பதக்கம் கொடுக்கவில்லை. பல வருடம் அது அவர் உடம்பில் சும்மா கிடந்தது. என்னைக் கேட்டால் அவர் கதையின் ஆணிவேர் அங்கே இருக்கிறது.

இதை நான் புத்தக அறிவாகச் சொல்லவில்லை. எனக்கு 36 வயதில்தான் நீச்சல் கற்றுக்கொள்ளத் தோன்றியது. என் அண்ணன்மார்கள் எல்லாம் சின்ன வயதில் சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்துக் கற்றவர்கள். பெண் பிள்ளைகளை அந்தப் பக்கம் விட்டதில்லை. இங்கே மகளை ஸ்காட்ஸ்டன் நீச்சல் குளத்தில் சேர்த்தபோது, அவள் வகுப்பு நடக்கும் நேரத்தில் நானும் பெரியவர்கள் வகுப்பில் சேர்ந்தேன். மகளுக்கு அப்போது ஐந்து வயது. நாலு மாதத்தில் அவள் தண்ணீருக்குள் திரும்பிப் படுத்து மேலே பார்த்துச் சிரித்தாள். எனக்கு ஒரு நீளம் போய் வர ஒரு வருடம் ஆனது. கை கால் அசைவெல்லாம் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் மூச்சை வெளியே விட வேண்டிய நேரத்தில் உடம்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளங்கைக்குத் தண்ணீர் பிடிபடாது, விரலிடுக்கில் நழுவிக்கொண்டே இருக்கும். "தண்ணிகிட்ட சண்டை போடாதீங்க, அதைப் பிடிச்சு உங்களை முன்னால இழுத்துக்கோங்க" என்று பயிற்சியாளர் சொல்வதன் பொருள் புரியும். ஆனால் கை கேட்காது. சின்ன வயதில் அந்தப் பிடி வந்தவர்களுக்கு அது மறப்பதில்லை. தாய்மொழி மாதிரி. பேசாமல் வைத்திருந்தாலும் திரும்பி வரும். பெரியவரான பிறகு கற்றவர்கள் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் எங்கோ ஓர் இடத்தில் யோசித்துத்தான் பேசுவார்கள்.

அப்படித் திரும்பி வந்தாலும் போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். திறந்த நீரில் ஐம்பது அறுபது பேர் ஒரே மிதவையைச் சுற்றித் திரும்பும்போது முகத்தில் கால் படும், முதுகின் மேல் ஆள் ஏறும். சைக்கிளோ முழுக்கப் புதிது. ஈரச் சாலையில் வளைவில் எவ்வளவு சாயலாம், முன்சக்கரத்துக்கு எவ்வளவு நெருங்கலாம் என்பதெல்லாம் பல வருடம் ஓட்டினால்தான் வரும். ஆனாலும் 2019இல் நெதர்லாந்தின் வேர்ட் நகரத்தில் ஐரோப்பிய டிரையத்லான் சாம்பியன் ஆனார். விளையாட்டை மாற்றி மூன்றே வருடம்.

அப்புறம் ஊரடங்குக் காலம். 2021 ஏப்ரல் தொடக்கத்தில், லங்காஷயரில் பாரோஃபோர்டு என்ற இடத்தில் சைக்கிள் பயிற்சிக்காகப் போட்ட ஒரு வளையப் பாதையில் 5 கிலோமீட்டர் சாலை ஓட்டம். பார்வையாளர் கூட்டம் என்று சொல்ல எதுவும் இல்லாத ஒரு சின்ன பந்தயம். அதில் பெத் பாட்டர் 14 நிமிடம் 41 வினாடியில் ஓடினார். அப்போதைய உலக சாதனை, இரண்டு மாதத்துக்கு முன் கென்யாவின் பியாட்ரிஸ் செப்கோச் மொனாக்கோவில் ஓடிய 14:43. பிரிட்டனில் அதுவரை முன்னால் இருந்த பெயர் பாலா ராட்க்ளிஃப், 14:51. இரண்டையும் ஒரு டிரையத்லான்காரர் தாண்டிவிட்டார். உலக சாதனைக்குத் தேவையான ஏற்பாடுகள் அந்தப் பந்தயத்தில் இல்லாததால் அது அதிகாரப்பூர்வ சாதனையாக ஏறவில்லை.

அந்தச் செய்தியைப் படித்த இரவு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். இதை எங்கும் யாரும் சொல்லி நான் பார்க்கவில்லை. 14 நிமிடம் 41 வினாடி என்றால் 400 மீட்டருக்கு 70.5 வினாடி. ரியோவில் அயானா 29:17இல் ஓடியபோது ஒரு சுற்றுக்குச் சராசரி 70.3 வினாடி. அதாவது ஐந்து வருடத்துக்கு முன் எந்தப் பெண் இவரை மூன்று சுற்று பின்னால் விட்டுப் போனாளோ, அந்தப் பெண்ணின் வேகம் இப்போது இவர் காலில் இருந்தது. ஆம், அயானா அதை இரண்டு மடங்கு தூரத்துக்குப் பிடித்தார். டிராக் வேறு, சாலை வேறு. 2021க்குள் கார்பன் தகடு வைத்த ஷூக்களும் வந்து, எல்லோருடைய நேரத்தையும் குறைத்திருந்தன. அதையெல்லாம் கழித்த பிறகும் நிறைய மிஞ்சுகிறது. ஓட்டத்தை விட்டுப் போனவர், விட்ட பிறகுதான் அதிக வேகமாக ஓடினார். வாரத்தில் பாதி நேரம் குளத்திலும் சைக்கிளிலும் கழிந்தபோது, தரையில் இடிபடும் சுமை இல்லாமல் இதயமும் நுரையீரலும் வளர்ந்திருக்கின்றன என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அதே சனிக்கிழமை ஸ்காட்ஸ்டனில் நான் ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று, முழு மூச்சாக ஓடிப் பார்த்தேன். 108 வினாடி. 70 வினாடி என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதுபோலப் பன்னிரண்டரை சுற்று.

ஆனால் அந்த வருடம் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அவர் போகவில்லை. ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் மூன்று பெண்கள். பிரிட்டனுக்கு விக்கி ஹாலண்ட், ஜெஸ் லியர்மாந்த், ஜார்ஜியா டெய்லர்-பிரவுன். ஹாலண்ட் 2018 உலக சாம்பியன், ரியோவில் வெண்கலம். டெய்லர்-பிரவுன் 2020 உலக சாம்பியன். டோக்கியோவில் சைக்கிளின் கடைசிப் பகுதியில் டயர் காற்றுப் போயும் வெள்ளி வாங்கினார். இவர்களில் யாரை எடுத்துவிட்டு அவரைப் போடுவது? யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. ஒலிம்பிக் இடம் கையில் இருந்த விளையாட்டை விட்டுவிட்டுப் போனவர். ஐந்து வருடம் கழித்து, வாழ்க்கையிலேயே வேகமான கால்களோடு, வீட்டிலிருந்து டிவியில் பார்க்கிறார். மாற்றியது தப்போ என்று ஒரு தடவையாவது தோன்றாமலா இருந்திருக்கும்?

2022இலிருந்து எல்லாம் திரும்பியது. உள்ளரங்கில் குளத்தில் நீந்தி, நிலையான சைக்கிளில் மிதித்து, டிரெட்மில்லில் ஓடும் அரீனா கேம்ஸ் என்ற புது வகைப் போட்டியில் உலகப் பட்டம். ஜூலை 29 அன்று பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிகளின் முதல் நாள், சட்டன் பூங்காவில் பெர்முடாவின் ஃப்ளோரா டஃபிக்கும் டெய்லர்-பிரவுனுக்கும் அடுத்து வெண்கலம். ஹாம்ப்டனில் ஐந்தாவதாக வந்து எட்டு வருடம் கழித்து ஸ்காட்லாந்து உடையில் முதல் பதக்கம்.

2023 அவருடைய வருடம். மார்ச்சில் அபுதாபியில், உலக டிரையத்லான் தொடரில் அவருடைய முதல் வெற்றி. ஆகஸ்டில் பாரிஸில் ஒலிம்பிக் பாதையிலேயே நடந்த ஒத்திகைப் போட்டியில் வெற்றி. செப்டம்பரில் ஸ்பெயினின் பொந்தவேத்ராவில் இறுதிப் போட்டியை வென்று உலக சாம்பியன். 31 வயது. ரியோவில் 34ஆவதாக வந்தவர்.

சரி, பாரிஸ். சேன் ஆற்றின் தண்ணீர் நீந்தத் தகுதியானதா என்ற சர்ச்சை பல மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. மழை பெய்தால் சாக்கடை நீர் ஆற்றில் கலந்துவிடும். 2023 ஒத்திகையிலேயே தனிநபர் போட்டிகள் முடிந்த பிறகு, மிச்சப் போட்டிகளில் தண்ணீர் சரியில்லை என்று நீச்சலையே எடுத்துவிட்டார்கள். ஒலிம்பிக்கிலும் ஜூலை 30 நடக்க வேண்டிய ஆண்கள் போட்டி அடுத்த நாளைக்குத் தள்ளிப்போனது. பெண்கள் போட்டி ஜூலை 31 காலை எட்டு மணி. கிளாஸ்கோவில் ஏழு. நடக்குமா நடக்காதா என்று விடிகாலையிலேயே எழுந்து போனைப் பார்த்தேன். நடக்கிறது.

சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு டீ போட்டேன். அந்த டீயைக் கடைசிவரை குடிக்கவில்லை. இரவெல்லாம் பெய்த மழையில் பாரிஸ் தெருக்கள் பளபளவென்று ஈரமாக இருந்தன. அலெக்ஸாண்டர் பாலத்துக்குக் கீழே அவர்கள் குதித்தார்கள். ஆற்றின் இழுப்பு அவ்வளவு பலம். எதிர் நீச்சல் பகுதியில் கைகள் வேகமாகச் சுற்றுகின்றன, ஆட்கள் நகர்வதாகவே தெரியவில்லை. கரையோரம் ஒட்டிப் போனவர்களுக்குக் கொஞ்சம் வழி கிடைத்தது. நடுவில் மாட்டியவர்கள் அங்கேயே போட்டியைத் தொலைத்தார்கள். சைக்கிளில் கல் பாவிய சாலை, அதன் மேல் மழைநீர், தொண்ணூறு பாகைத் திருப்பங்கள். ஒவ்வொரு வளைவிலும் யாராவது விழுந்தார்கள். விழுந்தவர்கள் தோள் சிராய்ப்போடு எழுந்து மறுபடி ஏறினார்கள். நான் பார்த்ததெல்லாம் ஒன்றுதான், முன்கும்பலில் பாட்டர் இருக்கிறாரா? இருந்தார்.

சைக்கிளிலிருந்து இறங்கி ஓட்டத்துக்கு மாறும் அந்த இடத்தை நீங்கள் ஒரு தடவையாவது கவனித்துப் பார்க்க வேண்டும். சைக்கிள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே காலை ஷூவிலிருந்து உருவிக்கொள்கிறார்கள். ஷூ பெடலிலேயே தொங்குகிறது. கோட்டுக்கு முன் குதித்து, வெறுங்காலோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடி, தன் எண் போட்ட இடத்தில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டு, ஓட்ட ஷூவுக்குள் ஈரக் காலை ஒரே அழுத்தாக அழுத்துகிறார்கள். காலுறை கிடையாது, முடிச்சுப் போட நாடா கிடையாது. சில வினாடிதான். ஹெல்மெட் பெட்டிக்கு வெளியே உருண்டால்கூட அபராதம். முதல் நூறு மீட்டர் ஓட்டம் விநோதமாக இருக்கும். ஒரு மணி நேரம் வட்டமாகச் சுற்றிய தொடைகளுக்கு நேராக ஓட மறந்திருக்கும். நான்கு சுற்று, பத்து கிலோமீட்டர்.

நான்கு பெண்கள் பிரிந்து முன்னால் வந்தார்கள். பிரான்ஸின் கசாந்த்ர் போக்ரான், எம்மா லொம்பார்தி, சுவிட்சர்லாந்தின் ஜூலி டெரோன், பெத் பாட்டர். நான்கு பேரும் தோளோடு தோள். பாதையின் இரு பக்கமும் பிரெஞ்சுக் கூட்டம். ஹாம்ப்டனில் இவருக்காக எழும்பிய அந்தச் சத்தம் இங்கே போக்ரானுக்காக எழும்பியது. கடைசிச் சுற்றில் போக்ரான் வேகம் எடுத்தார். பிடிக்க முடியவில்லை. 1 மணி 54 நிமிடம் 55 வினாடியில் தங்கம். ஆறு வினாடியில் டெரோன். 1:55:10க்குப் பாட்டர் வெண்கலம். கோட்டைத் தாண்டியதும் நீல நிற விரிப்பில் அப்படியே கிடந்தார்கள் எல்லோரும். ஒலிம்பிக் டிரையத்லானில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் பதக்கம் வாங்குவது அதுதான் முதல் தடவை.

அடுத்த திங்கட்கிழமை, ஆகஸ்ட் 5, கலப்பு ரிலே. மகளுக்குப் பள்ளி விடுமுறை, அவளும் என்னோடு உட்கார்ந்தாள். இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். ஒவ்வொருவரும் 300 மீட்டர் நீந்தி, ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகச் சைக்கிள் ஓட்டி, இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஓடி அடுத்தவர் கையைத் தட்ட வேண்டும். பிரிட்டனுக்கு அலெக்ஸ் யீ, ஜார்ஜியா டெய்லர்-பிரவுன், சாம் டிக்கின்சன், கடைசியாகப் பெத் பாட்டர். கடைசி ஓட்டத்தில் மூன்று பெண்கள் ஒன்றாக வந்தார்கள். ஜெர்மனியின் லாரா லிண்டெமான், அமெரிக்காவின் டெய்லர் நிப், பாட்டர். கடைசி நேர்கோட்டில் மூன்று பேரும் இருப்பதையெல்லாம் கொட்டினார்கள். லிண்டெமான் முன்னால். மற்ற இரண்டு பேரும் ஒரே நொடியில் கோட்டைத் தொட்டார்கள். நேரமும் ஒன்றுதான், 1:39:37.

போட்டோ பினிஷ். மூன்று நாடுகள், பன்னிரண்டு பேர், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆறும் சாலையும் கடந்து, கடைசியில் யாருடைய நெஞ்சு முன்னால் இருந்தது என்று ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். அமெரிக்காவுக்கு வெள்ளி, பிரிட்டனுக்கு வெண்கலம். நான் ஒன்றும் பேசவில்லை. மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"மெடல் வாங்கிட்டாங்கல்லம்மா, அப்புறம் ஏன் அழற?"

அவளுக்கு ஹாம்ப்டனைப் பற்றிச் சொன்னேன். அவள் பிறப்பதற்கு முந்தைய கதை. இருபத்தைந்து சுற்று, கூடவே ஓடிய சத்தம், ஐந்தாவது இடம். அப்புறம் ரியோ, மூன்று சுற்று. இந்தக் கட்டுரையில் எழுதியிருப்பதில் பாதியை அன்று அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவளுக்குப் பிடித்தது ஒரே ஒரு விஷயம். "அவங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப நீச்சல் கிளாஸ் போனாங்களா? நெஜமாவா?"

2026 ஜூலையில் காமன்வெல்த் போட்டிகள் மறுபடி கிளாஸ்கோவில். செலவைக் குறைக்க விளையாட்டுகளைப் பத்தாகச் சுருக்கிவிட்டார்கள். நீச்சல் இருக்கிறது, டால்கிராஸ் குளத்தில். டிராக் சைக்கிள் இருக்கிறது. தடகளம் இருக்கிறது, இந்தத் தடவை ஹாம்ப்டனில் இல்லை, பாட்டர் ஓடக் கற்ற அதே ஸ்காட்ஸ்டனில். மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன. மூன்றும் சேர்ந்த டிரையத்லான் மட்டும் இல்லை. இந்த ஊர் பெற்ற ஒரு டிரையத்லான் உலக சாம்பியனுக்கு, சொந்த ஊரில் நடக்கும் போட்டியில் அவருடைய விளையாட்டு இல்லை. பட்டியல் வந்த அன்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. பணக் கணக்கு புரிகிறது. 2014இல் ஸ்ட்ராத்க்ளைட் பூங்காவில் டிரையத்லான் நடந்த ஏரி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது என்பதும் தெரிகிறது.

போன சனிக்கிழமை மகளின் வகுப்பு முடிந்து வெளியே வந்தோம். ஸ்காட்ஸ்டன் கார் நிறுத்துமிடத்தில் நின்றால் டிராக்கின் விளக்குகள் தெரியும். அன்று தூறல். உள்ளே ஏதோ கிளப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். விசில் சத்தம் கேட்டது. தலை துவட்டிய துண்டைக் கழுத்தில் போட்டபடி மகள் வேலியோரம் போய் நின்றுவிட்டாள். "குளிருதுடி, வா" என்று கூப்பிட்டேன். "இரும்மா, இந்த ஒரு சுற்று" என்றாள். கடைசியாக ஓடிவந்த பெண் வளைவு தாண்டும் வரை நானும் நின்றேன்.